பெட்டியுள்ள வண்டி

வாகனத்தைப் பற்றிக் கல்லூரி மலரொன்றிற் கட்டுரை வரைதல் தமிழாசிரியருக்குத் தகுமோ என வினவுவாரும் உளர். உப்பு வாணிகம் செய்த உமணர், மேடும் பள்ளமுமான வழியிலே அச்சு முறிந்தால் என் செய்வதென எண்ணி, வண்டியின் அடியிற் சேம அச்சொன்றைக் கட்டிச் சென்றனர் என்பதைப் புறநானூறு கற்றோர் அறிவர். முல்லைக்கொடிக்குத் தேரை ஈந்த பாரியின் கதையைக் கல்லாதவரும் அறிவர். வண்டியும் வழியும் அன்று தொட்டே எம் இலக்கியத்திற் பேசப்பட்டு வந்தனவாதலின், இன்று அவற்றைப் பற்றிச் சில கூறுவது மரபுக்கு மாறாகாது.

கூறவேண்டிய காரணம் இரண்டு. அண்மைக் காலத்திற் பழைய மாணவர் கூடுமிடங்களிலே, இளையோரிடையே ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகின்றது. குறொசோவர் எனப்படும் உயர்ந்த காரை விற்றுவிட்டுச் சிறிய பிக்கப் ஒன்றை வாங்கப் போகின்றோம், அதனைக் கொண்டு வன்னிக் காடுகளில் வீதியை விட்டிறங்கிச் சாகசப் பயணம் செய்யப் போகின்றோம் என்பதே அப்பேச்சு. ஆடி, ஆவணி விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வரும் அன்பர்களும் இதிற் சேர்ந்து கொள்கின்றனர். மற்றையது, இவ்விழாவின் நினைவாகக் கல்லூரிக்கு வாகனம் ஒன்று வாங்கிக் கொடுத்தல் வேண்டுமென அன்பர் சிலரிடையே எழுந்துள்ள கருத்து. இவ்விரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையன என்பது எமது எண்ணம். காரை விட்டுப் பெட்டியுள்ள வண்டிக்கு மாறுவதை நாம் வரவேற்கின்றோம். ஆனால் அதற்கு அவர்கள் கூறும் காரணத்தை ஏற்பதற்கில்லை.

முதலிற் குறொசோவர் என்பது யாதென நோக்குவோம். காட்டு வழிக்கெனச் செய்யப்பட்ட ஜீப்பின் தோற்றத்தையும், நகர வீதிக்கெனச் செய்யப்பட்ட காரின் உடலையும் ஒன்றாக இணைத்த கலப்பினம் அது. 1994ஆம் ஆண்டிலே ரொயோட்டாக் கம்பனி வெளியிட்ட ராவ்4 இவ்வகைக்கு வழிகாட்டியவற்றுள் ஒன்று. 2013 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த ஹொண்டா வெசல் எமது நாட்டிலே பெரும் வரவேற்புப் பெற்றது. சிலகாலம் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மணமகன் வீட்டு வாசலில் வெசல் நில்லாத கலியாணம் அரிது எனலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின், நாட்டினுள்ளே இருந்தவற்றின் விலை கோடியைத் தாண்டி ஏறிற்று. 2025 பெப்ரவரியிலே தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்ட பின்னரும், வரியின் சுமையால் விலை பெரிதும் இறங்கவில்லை. இவ்வளவு பொருளைக் கொடுத்து வாங்குவோர், கொடுத்த பொருளுக்கு எந்த வண்டி மிகுந்த பயன் தரும் என்று எண்ணத் தொடங்கியது இயல்பே. (ஆசிரியரின் சம்பளத்துக்கு இவையாவும் கனவு. எமது ஊர்தி பழைய மோட்டார் சைக்கிளே. ஆயினும் பிறர் வண்டிகளைப் பற்றிக் கருத்துக் கூறுதற்கு எவரும் வரி விதிக்கவில்லை.)

வன்னி மண்ணிலே அக்கார்களுக்கு நேர்வது என்ன? எமது நிலத்திற் பெரும்பகுதி செம்பழுப்பு மண். கோடையில் அது கல்லைப்போல் இறுகிக் கிடக்கும். மாரியின் முதல் இரண்டு மழையிலே களியாகிச் சில்லைச் சுற்றிக் கொள்ளும். வயற்பள்ளங்களில் நிலை இன்னும் மோசம். குறொசோவரின் அடி நிலத்திலிருந்து ஏறத்தாழ ஏழு அங்குல உயரத்திலே நிற்பது. இங்கு ஓடுவனவற்றுட் பெரும்பாலானவை முன் சில்லுகளால் மட்டுமே இழுபடுவன. உழவு இயந்திரம் சென்ற தடம் இருபுறமும் தாழ்ந்து நடுவே முதுகுபோல் உயர்ந்து கிடக்கும் கிரவல் வழியில், அம்முதுகு காரின் வயிற்றைத் தட்டும். வயிறு தட்டியபின் சில்லு எவ்வளவு சுழன்றாலும் பயனில்லை. காரின் கூடும் சட்டமும் ஒன்றாகவே வார்க்கப்பட்டமையால், ஒரு புறம் பள்ளத்திலும் மறுபுறம் மேட்டிலுமாக நெடுநாள் முறுக்குண்ணும் உடல் தளர்ந்து கதவு கிறீச்சிடத் தொடங்கும்.

பிக்கப்பின் அமைப்பு வேறு. ஏணிபோல அமைந்த உருக்குச் சட்டம் ஒன்று கீழே தனியாக நிற்க, அதன்மேல் முன்னே சாரதியின் கூடும் பின்னே பெட்டியும் வைக்கப்படும். முறுக்கத்தைச் சட்டம் தாங்கிக்கொள்ளும். பின் அச்சின்மேல் வில்லுத் தகடுகள் அடுக்கடுக்காகக் கிடந்து பாரத்தைச் சுமக்கும். நான்கு சில்லும் இழுக்கும் வகையாயின், தாழ்ந்த பற்சக்கர விகிதம் ஒன்றும் இருக்கும். அதனை இட்டால் வண்டி ஆமைபோல நகரும், ஆனால் எருமைபோல இழுக்கும். 1968இல் ஜப்பானிற் பிறந்த ஹைலக்ஸ் உலகின் பாலை நிலங்களையும் சேற்று நிலங்களையும் வென்றது இவ்வமைப்பினாலேயே. எமது பகுதியிலே இவ்வகையைக் "கப்" என்றே வழங்குவர். சாரதியின் கூடு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் வண்டி முழுவதற்கும் பெயராயிற்று. ஆகுபெயர் கற்பிக்கும்போது மாணவருக்கு நாம் இதனை எடுத்துக்காட்டாகக் கூறுவதுண்டு, அவர்களும் மறப்பதில்லை.

இதிலே ஒரு நுட்பம் உண்டு. வெறும் பெட்டியோடு ஓடும் கப் ஈரநிலத்திற் பின்புறம் வழுக்கும். குழிதோறும் துள்ளி எழும், உள்ளிருப்பார் இடுப்பு நோவர். இரண்டு மூடை நெல்லைப் பின் அச்சின்மேல் ஏற்றினால் அது அடங்கி ஒடுங்கி நடக்கும். வில்லுத் தகடு பாரத்துக்கெனவே செய்யப்பட்டது, பாரமின்றி ஓட அது விரும்பாது. சாகசத்துக்காக இவ்வண்டியை வாங்கி வெறும் பெட்டியோடு காட்டிலே திரிவோர், கப்பின் இயல்பையே அறியார் என்பது எமது கருத்து.

இவ்வகை வண்டி பிறந்த வரலாறும் இதனையே காட்டுகின்றது. 1925ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் போர்ட் கம்பனி தனது ரி மாதிரிக் காரின் பின்னே பெட்டியொன்றை வைத்து விற்கத் தொடங்கியது கமக்காரருக்காக. கமக்காரரோ அதற்கு முன்னரே தம் கார்களின் பின்புறத்தை அறுத்துப் பலகைப் பெட்டி பொருத்திக் கொண்டிருந்தனர். அவுஸ்திரேலியாவிலே கமக்காரர் ஒருவரின் மனைவி, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு நனையாமற் செல்லவும் திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றிச் செல்லவும் ஏற்ற வண்டியொன்று வேண்டுமென அங்குள்ள போர்ட் கம்பனிக்குக் கடிதம் எழுதினார் என்றும், அதன் விளைவாகவே 1934இல் லூ பான்ட் என்னும் இளைஞர் வரைந்த "யூட்" என்னும் வண்டி உருவாயிற்று என்றும் கூறுவர். இன்று கனடாவிலும் அமெரிக்காவிலும் வாழும் எம் பழைய மாணவர், 2021இல் வெளிவந்த போர்ட் மவரிக், ஹியுண்டாய் சான்ரா குறூஸ் ஆகிய சிறு பிக்கப்புகளை அறிவர். குறொசோவரின் முதுகை வெட்டிப் பெட்டியாக்கியது போன்றன அவை. நூறு ஆண்டு கழித்தும் மனிதன் காரின் பின்னே பெட்டியொன்றைத் தேடுகின்றான் என்றால், அத்தேவை ஆழமானது என்றே கொள்ளல் வேண்டும்.

வன்னிக்கு அத்தேவை புதிதன்று. எம் முன்னோர் ஏறிய வண்டிகளை வரிசையாக நினைத்துப் பார்த்தால், அவற்றுள் ஆளை மட்டும் ஏற்றியது எதுவுமில்லை. நெல்லேற்றிய மாட்டு வண்டிக்கே கூடாரம் கட்டி, வைகாசியிலே வற்றாப்பளைப் பொங்கலுக்குக் குடும்பத்தோடு சென்றனர். பின்னர் வந்தது தட்டி வான். பழைய பிரித்தானிய லொறிச் சட்டத்தின்மேற் பலகையாற் கூடமைத்து, பின்புறத்திலே சங்கிலியிற் பலகைத் தட்டியொன்றைத் தொங்கவிட்டு, உள்ளே ஆட்களையும் தட்டியிலே வாழைக்குலையையும் கடகங்களையும் ஏற்றிச் சென்ற வண்டி அது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வண்டியென்று பலர் கருதினும், அதன் தத்துவம் எமக்கும் உரியது. ஆளும் பொருளும் ஒன்றாகவே போதல் வேண்டும், பொருளைவிட்டு ஆள் போவதற்கு இங்கே வேலையில்லை. 1970ஆம் ஆண்டுக்குப் பின், இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்த காலத்திலே, முத்தையன்கட்டு முதலிய குடியேற்றங்களில் இளைஞர் கைகளிற் பணம் புரண்டது. அப்பணத்தில் அவர்கள் வாங்கியது உழவு இயந்திரமும் அதன் பெட்டியுமே. ஏர் பூட்டினால் உழவு, பெட்டி பூட்டினால் பயணம். இருசில்லு உழவு இயந்திரத்தை ஓர் ஆங்கிலேயக் கம்பனியின் பெயரால் "லான்ட் மாஸ்டர்" என்றே இன்றும் அழைக்கின்றோம். செய்தவர் யாராயினும், சீனத்ததாயினும் ஜப்பானியதாயினும், அது லான்ட் மாஸ்டரே. 2005இல் இந்தியாவில் வெளிவந்து, இங்கே "பட்டா" என்னும் பெயரோடு நுழைந்த ரற்றாவின் குட்டி லொறி, அவ்வரிசையில் இறுதியாக வந்து சேர்ந்தது. காலையிற் பால் கொள்கலன், நண்பகலிற் சீமெந்து, மாலையிற் சவாரிக் காளை, இரவிலே கூத்துக்குழு என ஒரே நாளில் நான்கு தொழில் பார்க்கும் பட்டாக்களை வவுனியா, கிளிநொச்சிச் சந்திகளில் எவரும் காணலாம்.

போர்க்காலத்தையும் இங்கே சொல்லாது விடுதல் முறையன்று. 1990க்குப் பின் எரிபொருள் தடைப்பட்ட ஆண்டுகளில், மண்ணெண்ணெயிலே மோட்டார் சைக்கிளை ஓட்டியவர் எம்மவர். சூப்பியிற் சில துளி பெற்றோலை வைத்துக்கொண்டு அதனாற் கிளப்பி, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வித்தையைப் பத்து வயதுப் பிள்ளையும் அறிந்திருந்தது. 2008இன் பிற்பகுதியிலே கிளிநொச்சியிலிருந்து பரந்தன் – முல்லைத்தீவு வீதி வழியே தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு எனச் சனங்கள் நகர்ந்தபோது, வீட்டின் ஓடும் கதவும் நெல்மூடையும் தையல் இயந்திரமும் நடக்கமாட்டாத முதியோரும் ஏறியது உழவு இயந்திரப் பெட்டியிலேதான். பெட்டியுள்ளவர் இரண்டு மூன்று குடும்பத்தைச் சுமந்தனர். ஒருமுறை இறக்கிவிட்டு மறுமுறை திரும்பிப்போய் ஏற்றி வந்தனர். அவ்வீதியில் அக்காலத்திலே உயர்ந்த கார் ஒன்று நின்றிருந்தால், அதன் கண்ணாடியும் குளிரூட்டியும் எவருக்கு உதவியிருக்கும்? இதனை வாசிக்கும் மாணவருட் பலர் அப்பெட்டிகளின் மேலே தாயின் மடியிலிருந்து பயணம் செய்தவர்களின் தம்பி தங்கையர். வீட்டிலே கேட்டால் எந்த ஊர் மட்டும் யாருடைய பெட்டியிற் சென்றோம் என்பதைப் பெயரோடு சொல்வார்கள்.

ஆகவே, பெட்டியுள்ள வண்டிக்கு மாறப்போகின்றோம் என இளைஞர் கூறும்போது, நல்லது, ஊரின் வழிக்கு வருகின்றீர்கள் என்றே நாம் கூறுவோம். அதன் பின் அவர்கள் கூறும் "வீதியை விட்டிறங்குதல்" என்பதிலேதான் எமது தடை எழுகின்றது. எந்த வீதியை விட்டு எங்கே இறங்குகின்றனர்? ஏ9 வீதியிலிருந்து கிழக்கேயோ மேற்கேயோ திரும்பிய மாத்திரத்தில், கொழும்பிலிருந்து வருவோருக்கு வீதி முடிந்துவிட்டதாகத் தோன்றுகின்றது. ஆயின், வீதியல்லாத வீதியென்று அவர்கள் மகிழ்ந்து ஓடும் அக்கிரவல் தடத்திலேதான் எமது மாணவி காலையிலே சைக்கிளில் வருகின்றாள். அவ்வாய்க்கால் வரம்பிலேதான் பசளை மூடை தோளிற் செல்கின்றது. அக்குளக்கட்டிலேதான் கருப்பிணிப் பெண்ணை ஏற்றிய ஓட்டோ ஆஸ்பத்திரிக்கு விரைகின்றது. அவர்களுக்குப் பாதையின் எல்லை. எமக்கு அதுவே பாதை.

மாரியிலே நான்கு சில்லும் இழுக்கும் வண்டிகள் ஐந்தாறு ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றால், தடம் முழங்காலளவு உழப்படும். அவர்கள் அதனைப் படமெடுத்துக்கொண்டு ஞாயிறு மாலை திரும்பிவிடுவர். திங்கட்கிழமை காலையிலே அதே தடத்திற் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வருபவர் யார்? வெள்ளைச் சட்டை சேறாகி முதலாம் பாடத்துக்குப் பிந்தி வந்து வாசலில் நிற்கும் பிள்ளைகளை நாம் கண்டிருக்கின்றோம். காரணம் கேட்டால், "நேற்று வாகனங்கள் வந்து பாதை உடைஞ்சு போச்சு சேர்" என்பார்கள். மழையையும் அரசையும் குறைகூறிப் பழகிய எமக்கு, இவ்விடத்திலே குறைகூறத் தக்கவர் எம் கல்லூரிச் சட்டையையே அணிந்து சென்றவராயிருத்தல் கூடும் என்பது வருத்தத்தைத் தருகின்றது.

குளக்கட்டைப் பற்றித் தனியே கூறல் வேண்டும். சாகசக்காரருக்குக் குளக்கட்டிலே ஏறி இறங்குதல் பெருவிருப்பம். ஒருபுறம் நீர்ப்பரப்பு, மறுபுறம் வயல், நடுவே உயர்ந்த மேடு, படத்துக்கு அழகுதான். ஆனால் வன்னியின் குளங்களிற் பெரும்பாலானவற்றின் கட்டு மண்ணாலாயது. அலைகரையிற் கல்லடுக்கு இருப்பினும், வெளிப்புறச் சரிவைக் காப்பது புல்லின் வேரே. அச்சரிவிலே சில்லு ஏறினால் புல் உரியும், புல் உரிந்த தடத்திலே மழைநீர் வழிந்து ஓடையாகும், ஓடை ஆழ்ந்தால் கட்டு மெலியும். துருசும் வானும் செவ்வையாயிருந்தும் கட்டு உடைந்த குளத்தினால் ஒரு போகம் மாத்திரமன்று, அடுத்த சிறுபோகமும் போகும். 2018 டிசம்பர் 21, 22ஆம் நாள்களிலே கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிற் பெய்த மழையையும், இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு வயலும் மனையும் நீரில் ஆழ்ந்ததையும் கண்டவர், குளக்கட்டை விளையாட்டு மேடையாகக் கருதார். கமக்காரர் தம் மாட்டு வண்டியையே சில கட்டுகளில் ஏற்ற அஞ்சுவர்.

காட்டுக்குள்ளே செல்வதிலும் சட்டமும் அபாயமும் உண்டு. சுண்டிக்குளம் 1938 முதலே பறவைகளின் சரணாலயம், 2015இலே தேசிய வனமாக உயர்த்தப்பட்டது. அங்கே குறித்த தடத்தை விட்டு விலகுதல் குற்றம். பூநாரைக் கூட்டம் மேயும் உவர்ச்சேற்றிலே வண்டியை ஓட்டினால், உலர்ந்தது போலத் தோன்றும் மேற்பொருக்கின் கீழே உளை இருக்கும். அதிற் புதைந்த வண்டியை மீட்க மீண்டும் உழவு இயந்திரமே வரல் வேண்டும். 2022 ஒக்ரோபரிலே தெற்கில் யால தேசிய வனத்தினுள் வண்டிகள் கூட்டமாக ஒழுங்கை மீறி ஓடிய காட்சி நாடெங்கும் பரவி, பெரும் கண்டனம் எழுந்து, சட்ட நடவடிக்கையும் எடுக்கப்பட்டமையைப் பலரும் நினைவுகூர்வர். யாலவிலே மிருகங்களுக்கு மாத்திரம் அஞ்சினாற் போதும். வன்னியிலே மண்ணுக்கும் அஞ்சல் வேண்டும். முகமாலைப் பகுதியிலே நெடுங்காலம் போர் முன்னரங்காயிருந்த நிலத்தில் மிதிவெடி அகற்றுவோர் அங்குலம் அங்குலமாக முழந்தாளிட்டு மண்ணைச் சுரண்டி வந்துள்ளனர். கண்ணிவெடித் தடை உடன்படிக்கையிலே இலங்கை 2017 டிசம்பரிற் சேர்ந்தது. 2028 யூனுக்குள் நாடு முழுவதையும் துப்புரவாக்கும் கடப்பாடும் ஏற்றது. சிவப்புப் பலகை இல்லாத இடமெல்லாம் அபாயமற்ற இடமென்று கொள்வது அறியாமை. ஊரவர் நடக்காத தடத்திலே நாமும் நடவாதிருத்தலே வன்னிப் பிள்ளைகள் நடைபழகும் போதே கற்ற பாடம். அதனை மறந்தவர் வெளியூரிலே நெடுநாள் இருந்துவிட்டவர்.

வண்டி வலிது, எதனையும் கடந்துவிடும் என்னும் செருக்கு இன்னுமோர் அபாயம். பெருவெள்ளத்தின் முன் வலிய வண்டியென ஒன்றில்லை. 2024 நவம்பர் 26ஆம் நாள், அம்பாறை மாவட்டத்துக் காரைதீவுப் பகுதியிலே, வீடு திரும்பிய மதரசா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் வீதியை மூடிப் பாய்ந்த வெள்ளத்தினால் அடித்துச் செல்லப்பட்டு, மாணவர் பலர் உயிரிழந்தனர். உழவு இயந்திரத்தின் பெரிய சில்லையே நீர் தூக்கியெறிந்ததென்றால், கப் எம்மாத்திரம்? ஓடும் நீர் சில்லின் நடுவளவு ஏறிவிட்டாலே வண்டி பாரமிழந்து மிதக்கத் தொடங்கும். மதகின் மேலே நீர் பாயும்போது, கீழே மதகு இருக்கின்றதோ இல்லையோ என்பதும் தெரியாது. நின்று காத்திருப்பவனைக் கோழையென்று எவரும் கூறார்.

இதற்கு இளைஞர் கூறும் விடையையும் நாம் கேட்டிருக்கின்றோம். துணிவில்லாத இளமை இளமையோ? தங்குவதும் உண்பதும் எரிபொருள் நிரப்புவதுமாக எமது வருகையால் ஊருக்கும் நாலு காசு வருகின்றதன்றோ? பிறந்த மண்ணின் காட்டைப் பார்ப்பதற்கும் தடையோ? என்பர். இவ்வினாக்களிலே நியாயமில்லை என நாம் கூறோம். பாலையும் வீரையும் முதிரையும் செறிந்த காட்டினூடே அதிகாலையிற் செல்லும் இன்பத்தை, இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வளரும் தம் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புவது குற்றமன்று. ஆனிமாதத்திலே பாலைப்பழம் பொறுக்கித் தின்னாத பிள்ளை வன்னியை அறிந்தது என்பதும் பொய். ஆகவே செல்லுங்கள், ஆனால் கோடையிலே செல்லுங்கள். பங்குனிக்குப் பின் மண் இறுகிவிடும், உங்கள் சில்லு பதித்த தடம் அடுத்த காற்றிலே மறையும். செல்லுமுன் அவ்வூர்க் கமக்காரர் அமைப்பின் தலைவரை ஒரு வார்த்தை கேளுங்கள். எந்தக் கட்டிலே ஏறலாம், எந்த வாய்க்காலைக் கடக்கலாகாது, யானை எந்தப் பக்கம் இறங்குகின்றது என்பதை எந்த வரைபடத்தினும் அவர் நன்கு அறிவார். ஊர் இளைஞன் ஒருவனைக் கூலி கொடுத்து முன்னே ஏற்றிக்கொள்ளுங்கள். கடற்கரை மணலாயின் ரயரிலே காற்றைக் குறைத்து ஓட்டி, திரும்பும்போது மறவாது நிரப்புங்கள். வெறும் பெட்டியோடு போகாதீர்கள் என்பது எல்லாவற்றிலும் முக்கியம். வழியிலே காணும் ஊரின் பள்ளிக்கூடத்துக்கு நான்கு வாங்கோ ஒரு பெட்டி புத்தகமோ ஏற்றிச் சென்றால், பின் அச்சும் அடங்கும், ஊர்ச் சனமும் உங்களை வேறு முகத்தோடு பார்க்கும். திரும்பி வரும்போது அதே பெட்டியிலே தேனோ, நெல்லோ, பனங்கிழங்கோ ஏறும். நாலு காசு என்று நீங்கள் சொல்லுவது அப்போதுதான் ஊரவர் கையைச் சேரும்.

இனிக் கல்லூரி வாகனத்துக்கு வருவோம். அன்பர் சிலர், அதிபரும் விருந்தினரும் செல்லத்தக்க பளபளப்பான உயர்ந்த கார் ஒன்று கல்லூரியின் மதிப்பைக் கூட்டும் என்கின்றனர். மதிப்பைப் பற்றி நாம் வாதாடவில்லை. கல்லூரியின் ஆண்டுப் பணியைப் பட்டியலிட்டுப் பார்த்தால் விடை தானே வரும். கோட்டமட்ட, வலயமட்ட விளையாட்டுப் போட்டிக்கு உயரம் பாய்தல் மெத்தையும் கோலும் செல்லல் வேண்டும். தமிழ்த்தினப் போட்டிக்கு நாடக உடையும் உடுக்கும் மத்தளமும் செல்லல் வேண்டும். அரசாங்கப் பாடநூல்களை ஏற்றி வரல் வேண்டும். இன்று இவையாவும் பெற்றோர் ஒருவரின் பட்டாவைக் கெஞ்சிக் கேட்டே நடக்கின்றன. அவர் தமது நாட்கூலியை இழந்து வருகின்றார், நாமோ நன்றி மட்டும் கூறுகின்றோம்.

பரீட்சைக் காலத்தையும் எண்ணிப் பாருங்கள். க.பொ.த. உயர்தரப் பரீட்சை அண்மை ஆண்டுகளிலே மாரியின் உச்சத்தில் வந்து விழுகின்றது. 2024 நவம்பர் 25 அன்று தொடங்கிய பரீட்சை, இரண்டு நாளிலே வெள்ளத்தால் இடைநிறுத்தப்பட்டது. 2025இலே டித்வா புயலினால் மீண்டும் நின்று, எஞ்சிய பாடங்கள் 2026 ஜனவரிக்குச் சென்றன. பரீட்சை நிறுத்தப்படும் நாள்கள் ஒருபுறமிருக்க, நிறுத்தப்படாத மழைநாள்களிலும் உட்கிராமங்களிலிருந்து பிள்ளைகள் மண்டபத்தை அடைதல் வேண்டும். எட்டரை மணிக்கு மணியடித்தால், நனைந்த சட்டையோடு வந்தவனுக்கும் காய்ந்த சட்டையோடு வந்தவனுக்கும் ஒரே வினாத்தாள்தான். இரட்டைக் கூடுள்ள கப் ஒன்று, உள்ளே ஐவரும் வெளியிலே அவர்களுடைய சைக்கிள்களுமாக, காலை ஆறு மணிக்கு ஒரு சுற்றும் ஏழு மணிக்கு ஒரு சுற்றும் வருமாயின், எத்தனை பிள்ளைகளின் அந்தக் காலைப்பொழுது மாறும்! வெள்ளம் பாயும் நாளிலே அது வீட்டிலேயே நிற்கட்டும். சேறு கிடக்கும் நாள்கள் வெள்ளம் பாயும் நாள்களிலும் பல மடங்கு.

புதிய வண்டியே வேண்டுமென்பதில்லை. பத்துப் பதினைந்து ஆண்டு ஓடிய, சட்டம் துருப்பிடியாத, ஊர்க் கராச்சிலே திருத்தத்தக்க டீசல் கப் ஒன்று போதும். அலங்கார விளக்கும், புகைவெளியேற்றும் குழாயை உயர்த்திக் கட்டும் வேடிக்கையும் வேண்டா. பெட்டிக்கு மேலே தறப்பாள் கட்டக்கூடிய இரும்புச் சட்டம் ஒன்றும், பின்னே இழுவைக் கொளுக்கி ஒன்றும், நல்ல சேற்று ரயர் நான்கும், ஐந்தாவதாகச் சேம ரயரும் இருந்தாற் போதும். சாரதியின் சம்பளமும் ஆண்டுக் காப்புறுதியும் யார் பொறுப்பென்பதை வாங்குமுன்னரே எழுத்தில் வைத்தல் நன்று. அன்பளிப்பாக வந்த வாகனங்கள் மின்கலம் இறந்து மாமரத்தின் கீழே நிற்கும் காட்சி எமது பாடசாலைகளுக்குப் புதிதன்று. பழைய மாணவர் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்திலே இதனைப் பிரேரணையாகக் கொண்டுவர எண்ணியுள்ளோம். கார்க் கட்சியினரும் தம் கணக்கோடு வரட்டும்.